செட்டிநாட்டுச் சிற்றூரில்: பார்த்துவர மூன்று நாள், குடியிருக்க ஒரு வருஷம்

செட்டிநாட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே நாளில் முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். காலையில் பிள்ளையார்பட்டி, பதினொரு மணிக்கு ஆத்தங்குடி, மத்தியானம் காரைக்குடியில் சாப்பாடு, சாயங்காலம் கானாடுகாத்தானில் நாலு படம், இருட்டுவதற்குள் மதுரை. அப்படி வந்துபோன என் சொந்தக்காரர் ஒருவர், "எல்லா வீடும் ஒரே மாதிரிதானே இருக்கு" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. நான் கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நாலு வருஷமாகக் குடியிருக்கிறேன். இந்த ஊர்களை எப்படிப் பார்க்க வேண்டும், இங்கேயே தங்க நினைத்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று பலரும் கேட்டதை வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பல ஊர் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே இரண்டு ராத்திரி படுத்து எழுந்திருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எது செட்டிநாடு

ஒரு காலத்தில் 96 ஊர் என்பார்கள். இன்று சுமார் 75 ஊர்கள், சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் பரவிக் கிடக்கின்றன. காரைக்குடியும் தேவகோட்டையும் பெரிய ஊர்கள். பள்ளத்தூர், கொத்தமங்கலம், கோனாபட்டு, ராயவரம், கடியாபட்டி, நெற்குப்பை, கண்டரமாணிக்கம் போன்றவை சிற்றூர்கள். நான் சொல்லப்போவது இந்தச் சிற்றூர்களைப் பற்றித்தான்.

செம்மண் பூமி, மழை குறைவு, ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் பெரிதாக இல்லை. விவசாயத்தை நம்பி இத்தனை பெரிய வீடு யாரும் கட்டியிருக்க முடியாது. நகரத்தார்கள், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மா, இலங்கை, மலாயா என்று கொண்டுவிக்க (கடல்கடந்து தொழில் செய்ய) போன இடங்களிலிருந்து வந்த பணம்தான் வீடானது. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரவு நின்றது. குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட, வீடுகள் பூட்டப்பட்டன. கல்யாணம், பொங்கல், சாமி கும்பிடுவது, யாராவது தவறிப்போவது, இப்படிக் காரியம் வந்தால்தான் பல வீடுகள் திறக்கும். ஊருக்குள் நடக்கும்போது தெரியும் அமைதிக்குக் காரணம் இதுதான். இந்த ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தன. பட்டியலில் இருப்பதால் எந்த வீடும் இடிபடாமல் நின்றுவிடவில்லை.

எப்போது வரலாம், எப்படி வரலாம்

கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல காலம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும். மழையில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பார்ப்பது தனி அனுபவம் என்பதால் அதையும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். குழந்தைகளையும் வயசானவர்களையும் அப்போது கூட்டி வராதீர்கள்.

தை மாதம் வந்தால் ஊர் நிறைந்திருக்கும். பொங்கல் முடிந்த முதல் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் நகரத்தார்கள் வைக்கும் செவ்வாய்ப் பொங்கலைப் பார்க்கலாம். சிராவயல் மஞ்சுவிரட்டும் அந்தச் சமயம்தான். பழனிக்குக் காவடி எடுத்து நடந்து போகிறவர்களையும் சாலையில் பார்ப்பீர்கள். ஆனால் தங்க இடம் கிடைப்பது கஷ்டம், வீட்டுக்காரர்களும் தங்கள் வேலையில் இருப்பார்கள்.

காரைக்குடி ஜங்ஷனுக்குச் சென்னை எழும்பூரிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராமேஸ்வரம் போகும் ரயில்களும் இந்த வழியாகப் போகும், ஆனால் சில அகால வேளையில் இறக்கிவிடும், நேரத்தைப் பார்த்து எடுங்கள். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் 'செட்டிநாடு' என்றே பெயருள்ள சின்ன ஸ்டேஷன் உண்டு. எல்லா ரயிலும் அங்கே நிற்காது. விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருச்சியும் மதுரையும் ஏறக்குறைய ஒரே தூரம், 90 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம். காரைக்குடியிலிருந்து ஊர்களுக்கு டவுன் பஸ் ஓடுகிறது, சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சாயங்காலத்துக்கு மேல் பஸ் குறைந்துவிடும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே தங்குவது

வீட்டையே விடுதியாக்கிய இடங்கள் பல உள்ளன. கானாடுகாத்தானில் விசாலம், செட்டிநாடு மேன்ஷன், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், காரைக்குடியில் பங்களா. கொஞ்சம் செலவு ஆகும். கையைக் கடித்தால் காரைக்குடியில் சாதாரண லாட்ஜில் தங்கலாம். அப்படியானாலும் ஒரு ராத்திரியாவது சிற்றூரில் தங்கப் பாருங்கள். விடிகாலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், தெருவில் நடக்கும்போதுதான் ஊரின் கணக்கு புரியும். நேர்கோட்டுத் தெருக்கள், முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், தெருமட்டத்திலிருந்து தூக்கிக் கட்டிய திண்ணைகள், தெரு வாய்க்கால் எல்லாம் சரிந்து போய்ச் சேரும் ஊரணி. வீட்டு முற்றத்தில் விழும் மழை முதலில் பாத்திரங்களுக்குப் போகும், மிச்சம் வாய்க்கால் வழியாக ஊரணிக்குப் போகும். இதை முதல் நாளே பார்த்துவிட்டால் அப்புறம் எந்த வீட்டுக்குள் போனாலும் அது ஏன் அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது தானாகப் பிடிபடும்.

பூட்டிய வீட்டைப் பார்க்கும் முறை

கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடு சில உண்டு. ஆத்தங்குடியில் 'பெரிய வீடு' என்கிற லெட்சுமி விலாஸ் அப்படித்தான். கானாடுகாத்தானில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1912இல் கட்டிய அரண்மனையைப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும், கதவைத் தட்டிச் சங்கடப்படுத்தாதீர்கள். காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீடும் தெருவிலிருந்து பார்ப்பதுதான்.

மற்ற வீடுகளுக்குக் காவல் இருப்பவர் ஒருவர் இருப்பார். அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். டீக்கடையில் உட்கார்ந்து, "இந்தத் தெருவுல யாரு வீட்டப் பாத்துக்கிறாங்கண்ணே?" என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். அவர் வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பார். சம்மதம் வந்தால் திறப்பார். வரவில்லை என்றால் கெஞ்சக்கூடாது, பணத்தைக் காட்டவும் கூடாது. அவருடைய வேலையே அந்த நம்பிக்கையில் நிற்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டை அறுபது வயசு தாண்டிய அம்மா ஒருவர் பார்த்துக்கொள்கிறார். உள்ளங்கை நீளத்துக்குச் சாவி. பூட்டுக்குள் விட்டதும் ஒரு தடவை பின்னோக்கித் திருப்பி, கதவைத் தோளால் லேசாக அழுத்தி, அப்புறம்தான் முன்னோக்கித் திருப்புவார். அந்த வரிசை மாறினால் திறக்காது. கதவு விலகியதும் வவ்வால் வாடையும் பழைய எண்ணெய் வாடையும் கலந்து வரும். "செருப்ப திண்ணையிலயே விட்டுருங்க, வலது கால வச்சு வாங்க" என்பார். உள்ளே முகப்பு, பட்டாலை என்கிற கூடம் தாண்டி, வளவு என்கிற உள்முற்றப் பகுதியில் கால் வைத்தால், மேலே திறந்த சதுரத்திலிருந்து வெளிச்சம் கொட்டும். அவர் நின்று பேசவே மாட்டார். துடைப்பத்தை எடுத்து முற்றத்தில் விழுந்த சருகைக் கூட்டிக்கொண்டே, "இது மூத்தவரு ரூமு, இது ரெண்டாவது ஐயா ரூமு" என்று பூட்டிய கதவு ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டு போவார். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, கோயில் வரி போடும் கணக்கில் ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம். அந்த அறைகளுக்குள் அவரவர் சீர் சாமான்கள் இருக்கும். தள்ளிப் பார்க்க வேண்டாம். சாமி அறைக்கும், முன்னோருக்குப் படைக்கும் இடத்துக்கும் கூப்பிட்டால் மட்டும் போங்கள்.

சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் சேர்த்து அரைத்துப் பூசியது. நூறு வருஷம் ஆனபிறகும் கன்னம் மாதிரி வழவழப்பாக, வெயில் காலத்திலும் குளிர்ந்து இருக்கும்.

படம் எடுக்கும் முன் கேளுங்கள். வீட்டிலுள்ள நகரத்தார் பெண்களை 'ஆச்சி' என்று கூப்பிடலாம், அதுதான் மரியாதை. காவல் இருக்கும் அம்மாவை 'அம்மா' என்றோ 'அக்கா' என்றோ கூப்பிடுங்கள். புறப்படும்போது அவர் கையில் இருநூறோ முந்நூறோ கொடுங்கள். மாசத்துக்குச் சொற்பமான பணம்தான் அவருக்கு வருகிறது, அந்தக் கூட்டுதலும் துடைத்தலும் இல்லையென்றால் வீடு இரண்டு மழையைத் தாங்காது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. எனாமல் பாத்திரம், பழைய தகர டப்பா, பித்தளைக் குத்துவிளக்கு வாங்குங்கள், ரசித்து வாங்கலாம். கதவு, தூண், நிலை மட்டும் வாங்காதீர்கள். அதற்கு விலை இருக்கிறவரை, நிற்கிற வீட்டைவிட இடிக்கிற வீட்டுக்கு மதிப்பு அதிகமாகிவிடும்.

ஆத்தங்குடியில் ஒரு காலைப் பொழுது

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் (டைல்ஸ்) போடும் பட்டறைக்குக் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். வேலை செய்கிறவர் கண்ணாடித் துண்டு ஒன்றைத் துடைத்து, மேலே இரும்புச் சட்டத்தை வைக்கிறார். சட்டத்துக்குள் பூவடிவ அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் சாயம் கலந்த சிமெண்ட் கரைசலைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார், மஞ்சள், பச்சை, செங்காவி. அப்புறம் மூச்சைப் பிடித்தபடி அச்சை மேலே தூக்குகிறார். வண்ணம் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கிறது. மேலே உலர்ந்த மணல்-சிமெண்ட் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவை வைத்துத் தேய்த்து மட்டப்படுத்துகிறார். காய்ந்ததும் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். கண்ணாடி கழன்று வரும்போது அதன் பளபளப்பு முழுவதும் கல்லில் இறங்கியிருக்கும். சூளை கிடையாது, சுடுவது கிடையாது. வீட்டில் பதிக்க வாங்குகிறவர்கள் எண்ணிக்கையில் பத்துக்கு ஒன்று கூடுதலாக வாங்குங்கள், வழியில் உடையும். ஒரே சாயத்தைப் பின்னால் கேட்டால் அதே நிறம் வராது.

குன்றுகளுக்கு ஒரு நாள்

தட்டையான இந்தச் சீமையில் மலை என்று பார்க்க வேண்டுமென்றால் இரண்டு இடம். குன்றக்குடி பக்கத்திலேயே இருக்கிறது. சின்னக் குன்று, மேலே சண்முகநாதர், கீழே பாறையைக் குடைந்த பழைய குடைவரைகள். மருது சகோதரர்கள் திருப்பணி செய்த கோயில் இது. மேலேறிப் பார்த்தால் ஊர்களும் கண்மாய்களும் விரித்துப் போட்ட மாதிரி தெரியும்.

மேற்கே, சிங்கம்புணரி தாண்டிப் பிரான்மலை. பாரியின் பறம்புமலை இதுதான் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. உழாமலே விளையும் நான்கு பொருள் உள்ள மலை என்று கபிலர் பாடினார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் கோயில், உச்சியில் ஷேக் அப்துல்லா தர்கா. மலையேற நினைப்பவர்கள் விடிந்ததும் கிளம்பி பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நல்ல செருப்பு. மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். தனியாக ஏறாதீர்கள், ஊர்ப் பையன் ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள்.

திரும்பும் வழியில், கார்த்திகைக்குப் பிறகு என்றால், திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டியிருக்கும். பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்குக்கூட அந்த ஊர்க்காரர்கள் வெடி போடுவதில்லை. அங்கே சத்தமாகப் பேசாமல் நில்லுங்கள்.

சாப்பாடு

செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் காரம் என்று வெளியூரில் பேர் வாங்கிவிட்டது. வீட்டுச் சாப்பாட்டில் அப்படி இருக்காது. காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும், இனிப்புக்குக் கந்தரப்பம் அல்லது கும்மாயம், விசேஷ நாளில் கவுனி அரிசி. அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கும் மண்டியை எங்கே கிடைத்தாலும் சாப்பிட்டுப் பாருங்கள், ஹோட்டலில் பெரும்பாலும் கிடைக்காது. சிற்றூரில் சாப்பாட்டுக் கடை அநேகமாக இருக்காது. தங்குகிற இடத்தில் முந்தின நாள் ராத்திரியே சொல்லிவையுங்கள்.

குடியிருக்க வருகிறவர்களுக்கு

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள், ரிட்டயர் ஆனவர்கள், எழுதவோ வரையவோ இடம் தேடுகிறவர்கள் என்று இப்போது பலர் கேட்கிறார்கள். வாங்க நினைக்காதீர்கள். முதலில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

பெரிய வீடு என்பது ஒருவர் சொத்து அல்ல. தாத்தா கட்டிய வீட்டுக்கு இன்று இருபது பங்காளிகள் இருக்கலாம், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் சிங்கப்பூரில். நான் முதல் வருஷம் இதில்தான் அடிபட்டேன். ஒரு பங்காளியிடம் பேசி, பின்கட்டில் இரண்டு அறையும் அடுப்படியும் எடுத்தேன். தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு எல்லாரும் வந்து இறங்கினார்கள். "நீங்க யாரு?" என்று கேட்டபோது என்னிடம் காட்ட ஒரு காகிதம்கூட இல்லை. அவர்கள் கோபப்படவில்லை, ஆனால் வீடு அவர்களுக்கு வேண்டியிருந்தது. நாலு நாளில் காலி செய்தேன். அதனால் வாடகை பேசுமுன் இதைச் செய்யுங்கள்: பங்காளிகள் எல்லாரும் சம்மதித்த கடிதம், பதினொரு மாத ஒப்பந்தம், வருஷத்தில் எந்தெந்த நாள் வீடு அவர்களுக்கு வேண்டும் என்ற பட்டியல். கல்யாணம், படைப்பு, அறுபதாம் கல்யாணம் என்று வந்தால் நீங்கள் சில நாள் வெளியே தங்க வேண்டியிருக்கும், அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இவ்வளவு சிக்கல் வேண்டாம் என்றால் அதே தெருவில் சின்ன ஓட்டு வீடு கிடைக்கும். நான் இப்போது இருப்பது அப்படி ஒன்றில்தான்.

தண்ணீர் அடுத்தது. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் பல ஊருக்கு வந்திருக்கிறது, தினமும் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை மணிக்கு என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். வீட்டுக் கிணற்றில் சித்திரை மாதம் தண்ணீர் இருக்குமா என்பதையும் கேளுங்கள், மார்கழியில் நிறைந்த கிணற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

சுவர் கனமானது, செல்போன் சிக்னல் உள்ளே எட்டாது. வேலை பார்க்க முகப்பில் மேஜை போடுங்கள், இல்லையென்றால் ஃபைபர் இணைப்பு எடுங்கள். அவசரத்துக்குக் காரைக்குடி அரசு மருத்துவமனை, பெரிய சிகிச்சைக்குச் சிவகங்கை அல்லது மதுரை. தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு மாசத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பராமரிக்கும் விதம் தனி. பழைய பூச்சுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கக் கூடாது. அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு உப்பிக் கழன்றுவிடும். ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட் ஆகவே ஆகாது. வெறும் தண்ணீரில் துடைத்து, மாசம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்ட துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். புரட்டாசி முடிவதற்குள் ஓடு மாற்றுகிறவரைக் கூப்பிட்டு உடைந்ததை மாற்றி, தூம்புகளில் அடைத்த சருகை எடுத்துவிடுங்கள். ஐப்பசியில் கூப்பிட்டால் அவர் கிடைக்க மாட்டார், எல்லா வீட்டிலும் அதே நேரத்தில்தான் ஒழுகும்.

ஊரோடு பழகுவது தனிப் பாடம். நகரத்தார் வீடுகள் கண்ணில் பட்டாலும், ஊரில் தினமும் இருப்பவர்கள் வேறு ஆட்கள்: கொத்தனார், சமையல்காரர், காரைக்குடிப் பக்கம் கண்டாங்கி நெய்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், பள்ளிக்கூட வாத்தியார். கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, புடவை எடுப்பதென்றால் நெய்கிற இடத்துக்கே போய் எடுங்கள். கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்க வந்தால் கொடுத்துவிடுங்கள். யார் வீட்டில் துக்கம் என்றாலும் போய் நில்லுங்கள். ஊரணியில் துணி துவைப்பதா, குளிப்பதா, குடிக்க மட்டுமா என்று ஒவ்வொரு ஊரணிக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு, கேட்காமல் காலை நனைக்காதீர்கள்.

பங்குனியில் வெயில் ஏறும். பத்து மணிக்கு மேல் ஜன்னலை அடைத்து, வாசல் கதவையும் பின்வாசல் கதவையும் மட்டும் திறந்து வைத்தால் காற்று நேர்கோட்டில் ஓடும். மத்தியானம் பட்டாலைத் தரையில் பாய்கூட விரிக்காமல் படுங்கள். மாடியில் பக்கத்து வீட்டு ஆச்சி வடகம் காயப்போட ஆள் தேடுவார், காக்கை விரட்டப் போய் உட்காருங்கள், அந்த வருஷத்து வடகத்தில் உங்களுக்கும் ஒரு டப்பா வரும். வைகாசி முடிகிறவரை இப்படித் தாக்குப்பிடித்துவிட்டீர்கள் என்றால், ஆனியில் பங்காளிகளுக்குப் போன் போட்டு அடுத்த பதினொரு மாதத்துக்குப் பேசலாம்.